முகாம் வாசலில் என் தம்பி

அன்று காலை தம்பியின் போர்வை நான்கு மூலையும் பொருந்த மடிக்கப்பட்டுக் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. இரவு வேலை முடிந்து வந்து படுத்தவள், தாகம் எடுத்து எழுந்து அவன் அறையைக் கடந்தபோது அதைப் பார்த்தேன். தம்பி அதுவரை ஒரு நாளும் போர்வை மடித்தவன் இல்லை. அம்மா மடிப்பார், இல்லாவிட்டால் நான் மடிப்பேன், இரண்டு பேருக்கும் நேரமில்லாத நாளில் அது தரையில் கிடக்கும். அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மா தேவாலயத்துக்குக் காலைப் பூசைக்குப் போயிருந்தார். வாசலில் தம்பியின் சைக்கிள் இல்லை. அலமாரியைத் திறந்து, அம்மா தன் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பச்சைப் புள்ளிச் சட்டையையும் காற்சட்டையையும் தேடினேன். இரண்டும் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு மாமா வாங்கித் தந்த கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கியும் இல்லை.

தம்பி எனக்கு மிகவும் பின்னால் பிறந்தவன். அப்போது நாங்கள் சுங்கைப் பட்டாணி நகருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பிரசவ வலி நீண்டுபோய், மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதமாகி, பிறந்த குழந்தை உடனே அழவில்லை. அந்த நேரத்தில் மூளைக்குக் காற்றுப் போதவில்லை என்று பின்னாளில் ஒரு டாக்டர் எங்களுக்கு விளக்கினார். நடையும் பேச்சும் மெல்லத்தான் வந்தன. எழுத்துக்கூட்டி வாசிப்பான், வாசித்ததை மறந்துவிடுவான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்பிக் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் யாராவது ஒருவர் நேராக அவனிடம் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே நம்புவான். அவனைப் பற்றி எங்களுக்கு இருந்த பெரிய பயம் அதுதான். தோட்டம் விற்கப்பட்டு, அப்பாவும் இறந்தபின், ஊருக்குள் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடெடுத்து மூன்று பேருமாக வந்து சேர்ந்தோம். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தம்பி பேரங்காடியில் வாடிக்கையாளர்கள் ஆங்காங்கே விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்த்து வரிசையாக அடுக்கும் வேலைக்குப் போனான். வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் செய்தான்.

ராணுவ ஆசை பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது. யாரும் வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தபோது, எங்கள் தாமான் முனையில் சாலைத் தடுப்பு வைத்துப் போலீஸோடு ராணுவ வீரர்களும் நின்றார்கள். தம்பி வேலைக்குப் போக முடியாமல் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் அவர்களையே பார்ப்பான். ஒரு நாள் அம்மா தயாரித்த சிராப் சர்பத்தை ஒரு ஜாடியில் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் ஓர் இளம் வீரர் ஜாடியைக் கழுவி அதே இடத்தில் வைத்து, இவனைப் பார்த்து நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தார். விளையாட்டாகச் செய்திருப்பார். என் தம்பிக்கு அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, "நானும் நாட்டுக்கு வேலை செய்யணும், அக்கா" என்றான்.

கட்டுப்பாடு முடிந்து வீரர்கள் போய்விட்டார்கள். ஆசை போகவில்லை. இரவுச் சந்தையில் அந்தப் பச்சைப் புள்ளி உடுப்பை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்து வாங்கினான். பொதுமக்கள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே நடப்பது குற்றம் என்று அடுத்த வீட்டுக்காரர் எச்சரித்தபின் அம்மா அதை ஒளித்து வைத்தார். தொலைக்காட்சியில் தேசிய கீதம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்பான். என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அம்மா பொறுமையாக, "அடுத்த வருஷம் கூப்பிடுவாங்கய்யா" என்பார். அந்த வருஷம் வந்ததும் மறுபடியும் அதே பதில். அவன் முகம் வாடாமல் இருக்க அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. முனையிலிருந்த மோட்டார் சைக்கிள் பட்டறைப் பையன்கள்தான் இவனை நிறுத்தி சல்யூட் அடிக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். தம்பி அவர்களைத் தன் கூட்டாளிகள் என்றே நினைத்தான்.

அதனால்தான் அன்று காலை செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் முதலில் பட்டறைக்கு ஓடினேன். அங்கே வேலை செய்யும் ஒருவன், என் தம்பியின் வயதிருக்கும், டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்தாயா என்று கேட்டதும் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சும்மா விளையாட்டுக்குத்தான்க்கா. நேத்து சாயங்காலம் போன்ல மலாய்ல துவான் மாதிரி பேசினேன். காலையில கேம்புக்கு வந்து ரிப்போர்ட் பண்ணுன்னு சொன்னேன். நெஜமாவே போவான்னு நினைக்கலக்கா."

துப்பாக்கியை ஏன் எடுத்துப் போயிருக்கிறான் என்று கேட்டேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். யாரு கேட்டாலும் கீழ வைக்காத, துவான் வந்து கேட்டாத்தான் குடுக்கணும்னு..."

மீதியை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிக் காரை எடுத்தேன். துவான் என்றால் இங்கே பெரிய அதிகாரி. எந்த அதிகாரி அந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்கப் போகிறார்? முகாம் எங்கள் தாமானிலிருந்து அதிக தூரமில்லை, ஆனால் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்திருந்தன. ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, தம்பியின் ஓகேயு அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் கொடுத்த அட்டையை, எடுத்துக்கொண்டு யாருடைய வண்டியிலாவது முகாமுக்கு வரச் சொன்னேன். அம்மா எதையும் கேட்கவில்லை. என் குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தொடங்கிவிட்டிருந்தது. சைக்கிள் புல்லில் சாய்ந்து கிடந்தது. துப்பாக்கியைச் சுற்றி எடுத்துவந்த குளியல் துண்டு அதன் பக்கத்தில் கிடந்தது. தம்பி முகாம் கதவுக்குச் சற்று முன்னால், சாலையின் நடுவில், உடுப்பின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்துவரை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான். வலக்கை நெற்றியில் சல்யூட்டில் இருந்தது. இடக்கையில் அந்தக் கறுப்புத் துப்பாக்கி. அவனுக்கு எதிரே காவலர்கள் இருவர் முழங்கால் மடித்து, நிஜத் துப்பாக்கிகளை அவன் நெஞ்சுக்கு நேராக வைத்திருந்தார்கள். இருவரும் மலாயில் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே வை, கீழே வை. அவர்களில் ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கன்னம் துடித்ததை நான் சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கண்டேன். பயந்தவன் விரல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் தம்பி காதைப் பொத்துவான் என்று சொன்னேன் அல்லவா. இப்போது அவன் கை சல்யூட்டிலிருந்து காதுக்கு இறங்கப் பார்த்தது. அசையாதே என்று இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். நான் ஓடினேன். பக்கவாட்டிலிருந்து வந்த இன்னொரு வீரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவன் என் தம்பி, அவன் ஓகேயு, அது பிளாஸ்டிக் என்று மலாயில் கதறினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, பிடியை விடவில்லை. அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அக்கா சொல்றேன்யா. அதைக் கீழ போட்டுடு."

அவன் தலையைத் திருப்பவில்லை. ஆனால் பதில் சொன்னான். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாதே என்பது போன்ற குரல்.

"நீ துவான் இல்லக்கா."

அப்போதுதான் பட்டறைப் பையன் சொன்னது முழுதாக எனக்கு உறைத்தது. என்னைப் பிடித்திருந்த வீரரிடம், யாரோ ஒருவன் இவனை ஏமாற்றியிருக்கிறான், துவான் கேட்டால் மட்டும் கொடுப்பான், தயவுசெய்து ஒரு துவானைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் முகத்தையே சிறிது பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்து வேகமாகப் பேசினார்.

எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. கதவுக்கு உள்ளிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். கையில் ஒன்றுமில்லை. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். காவலர்களைத் தாண்டும்போது கையை ஆட்டி அவர்களைக் கத்தாமல் இருக்கச் சொன்னார். சத்தம் நின்றதும் தம்பியின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. அவர் தம்பிக்கு எட்டும் தூரத்தில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நான்தான் துவான். அதை என்னிடம் கொடு" என்றார் மலாயில்.

தம்பி அவரைப் பார்த்தான். பிறகு, இன்னும் குறி வைத்தபடி இருந்த அந்த மீசை முளைக்காத காவலனைப் பார்த்து, இவர் துவானா என்று கேட்டான். காவலன் ஆமாம் என்றான். தம்பி சல்யூட்டை இறக்கி, துப்பாக்கியை இரண்டு கைகளாலும் ஏந்தி, பூசையில் காணிக்கை கொடுப்பதுபோல அவரிடம் கொடுத்தான்.

அடுத்த கணம் இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்து அவனைக் குப்புறத் தள்ளினார்கள். தார்ச் சாலையில் அவன் தாடை உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். அவன் அலறவில்லை. "கொடுத்துட்டேனே, கொடுத்துட்டேனே" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். துவான் கையிலிருந்ததன் எடையைப் பார்த்தார், குழாயைத் திருப்பிப் பார்த்தார், பிறகு போதும் என்றார்.

காவல் அறைக்குப் பக்கத்திலிருந்த சிறிய அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். கட்டை அவிழ்த்துவிட்டு, தாடைக் காயத்தில் மருந்து தடவினார்கள். அம்மா அடுத்த வீட்டுக்காரர் வண்டியில் வந்து சேர்ந்தார். ஒரு கையில் அட்டை, மறு கையில் ஜெபமாலை. அம்மா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். போலீஸ் வரும்வரை எங்களோடு துவானும் இருந்தார். அட்டையைப் பார்த்தார், என்னிடம் நடந்ததைக் கேட்டார். பட்டறைப் பையன் செய்ததைச் சொன்னபோது அவர் முகம் கல்லாகிப் போனது. எல்லாம் கேட்டு முடிந்ததும் தம்பி பேசினான். நான் ரிப்போர்ட் பண்ணிட்டேன், எப்போது வேலை தொடங்கும் என்று மலாயில் கேட்டான்.

அம்மா தெரிந்த கொஞ்ச மலாயில் துவானைப் பார்த்து, "தாவுன் டெப்பான், துவான்" என்றார். அடுத்த வருஷம் என்று பொருள், அதை மட்டும் அவனிடம் சொல்லிவிடச் சொன்னார். அம்மாவின் கண்கள் கெஞ்சியதை அவரும் கண்டார். நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"உன்னை ராணுவத்தில் எடுக்க முடியாது, தம்பி. இப்போதும் முடியாது, அடுத்த வருஷமும் முடியாது. எப்போதும் முடியாது" என்றார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி ஏன் என்று கேட்டான். துவான் மெதுவாக, தம்பிக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வெளியே நின்ற பையன்கள் உன்னைச் சுடலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்க வேண்டியிருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வீரனுக்கு அப்படித்தான் நடக்கும். உன்னிடம் யாராவது ஒன்றைச் சொன்னால் நீ நம்பிவிடுகிறாய். நம்புவது தப்பில்லை, ஆனால் கையில் துப்பாக்கி இருப்பவன் அப்படி நம்பக்கூடாது. இன்று நீ உயிரை இழந்திருப்பாய். உன்னைச் சுட்ட பையனும் வாழ்நாள் முழுவதும் தூங்கியிருக்க மாட்டான்.

தம்பி அவர் சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தான். அப்புறம், அப்படியானால் நாட்டுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டான். துவான் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குத் தெரியவில்லை என்றார். தெரிந்ததுபோல் அவர் நடிக்கவில்லை.

போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, உடுப்பையும் துப்பாக்கியையும் பறிமுதல் செய்து, எச்சரித்து, மாலையில் விட்டார்கள். வீட்டுக்கு வந்த தம்பி பனியனோடு முன்னறை மூலையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பல நாள் அந்த மூலைதான். கொடுத்தால் சாப்பிடுவான், கேட்டால் பேச மாட்டான். முகாம் வாசலில் நடந்ததை யாரோ சாலையிலிருந்து படம் பிடித்துப் பரப்பியிருந்ததால் பேரங்காடியில் அவனை இனி வரவேண்டாம் என்றார்கள். அம்மா அந்தப் பட்டறைப் பையனைவிடத் துவான்மேல்தான் அதிகம் கோபப்பட்டார். "ஒரு வார்த்தை பொய் சொன்னா அவரு வாயி நோகுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிள்ளை ஏதாவது செய்துகொள்வானோ என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் மனம் அந்த மூலையிலேயே கிடந்தது. கத்திகளை எல்லாம் எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன்.

ஒரு நாள் பட்டறைப் பையன் வந்து எங்கள் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றான். மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னான். அம்மா அவனை உள்ளே விடவில்லை. சத்தம் கேட்டுத் தம்பியே எழுந்து வெளியே போனான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவனை உற்றுப் பார்த்தான்.

"நீதான் போன்ல பேசினியா?"

அவன் தலையசைத்தான். "நீ துவானா?" என்று தம்பி கேட்டான். இல்லை என்றான். தம்பி யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்கு நெற்றி சுருங்கும்.

"அந்தத் துவான் எங்கிட்ட பொய் சொல்லல" என்றான். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தை பட்டறைப் பையனுக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும்தான் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு அடுத்த வருஷம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. தம்பியும் அதற்குப் பின் மூலையை விட்டு எழுந்து, கொல்லையில் துணி காயப்போட, குப்பை கொட்டப் போகத் தொடங்கினான். எதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டால் பேசினான்.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில் ஜெராய் மலையிலிருந்து திடீரென்று தண்ணீர் இறங்கி, அடிவாரத்தில் யான் என்ற ஊரின் பக்கத்துக் கிராமங்களில் வீடுகளுக்குள் சேறும் மரக்கட்டைகளும் புகுந்தன. எங்கள் தேவாலயத்திலிருந்து சுத்தம் செய்யப் போகிறவர்கள் வரலாம் என்று பாதிரியார் பூசை முடிவில் அறிவித்தார். தம்பி என் கையைப் பிடித்து, நானும் வருகிறேன் என்றான். அம்மா வேண்டாம் என்றார். அங்கே ராணுவமும் வந்திருக்கும், மறுபடி அவர்களைப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதே பயம் எனக்கும் இருந்தது. ஆனால் வாசலில் அவன் ரப்பர் பூட்ஸோடு நின்றதைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு மலாய் மாக்சிக், அதாவது வயதான பெண்மணி, தனியாக இருந்த வீடு. முழங்கால் உயரம் சேறு. தம்பி மண்வெட்டியை எடுத்தவன் நிமிரவேயில்லை. வெட்டுவான், வாளியை நிரப்புவான், சுமந்துபோய்க் கொட்டுவான், திரும்பி வருவான். நடுப்பகலில் ராணுவ லாரி ஒன்று வந்து அந்த வீட்டுக்கு முன்னால் நின்றது. பச்சைப் புள்ளி உடுப்பில் இளைஞர்கள் குதித்து இறங்கினார்கள். என் கை வாளியோடு அப்படியே நின்றுவிட்டது. தம்பி நிமிர்ந்தான். அவர்களைப் பார்த்தான். அவன் வலக்கை மண்வெட்டிப் பிடியிலிருந்து எழுந்தது. நான் அவன் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அந்தக் கை போய்க் கண்ணுக்குள் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி மண்வெட்டிக்கே வந்தது. வீரர்கள் பக்கத்து வீட்டுக்குள் போனார்கள். அங்கிருந்தும் சேறு அள்ளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

சாயும் வெயிலில் மாக்சிக் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். அங்கே உதவ வந்த ஒவ்வொரு குழுவும் ஒரு பெயர் எழுதிய மேற்சட்டை போட்டிருந்தது. தம்பியின் சட்டை சேற்றில் மூடிப்போயிருந்தது. நீ எந்தப் படையிலிருந்து வந்திருக்கிறாய், பிள்ளை, என்று மாக்சிக் அவனைக் கேட்டார். சில மாதங்களுக்கு முன்னால் என்றால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். தம்பி தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"சுங்கைப் பட்டாணியிலிருந்து" என்றான்.

அதற்குப் பிறகு எங்கே தண்ணீர் ஏறினாலும் அவன் போய் வந்திருக்கிறான். தனியாகப் போகமாட்டான், யாரோடாவதுதான் போவான். கோலா கெடாவில் கடல் நீர் வீடுகளுக்குள் வந்தபோதும் போனான். சில இடங்களில் இவனைப் பார்த்து இவனுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுப்பார்கள். வேறு சில இடங்களில் அவனுக்குச் சரியாகச் சொல்லித் தராததால் கொட்டக்கூடாத இடத்தில் கொட்டித் திட்டு வாங்கியிருக்கிறான். வருஷம் முழுக்க அந்த வேலை இருப்பதில்லை. மற்ற நாட்களில் அவன் வீட்டில் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது, அது அவனுக்குக் கஷ்டம்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இப்போதும் பச்சைப் புள்ளி உடுப்பு தூரத்தில் தெரிந்தால் என் நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும்.

ஆனால் யானிலிருந்து திரும்பிய அந்த மாலையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அம்மா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அவன் கைகளை முக்கிக் கழுவினார். என்னய்யா செஞ்சே அங்க என்று கேட்டார். சேறு அள்ளினேன் என்றான். அவ்வளவுதானா என்று அம்மா கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கிவிட்டான் என்றே நினைத்தோம்.

"நாளைக்கும் போகணும்மா" என்றான். "இன்னும் வீடு பாக்கி இருக்கு."